ஆறாயிரத்தில் நிற்காத விமானம்

ரிட்டயர்டு என்று சொன்னதும் எல்லாரும் என் தலையில் நரையைத் தேடுகிறார்கள். எனக்கு முப்பத்து நாலு வயசுதான். நரையும் இருக்கிறது, டை அடித்திருக்கிறேன், அது வேற விஷயம். விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவள் நான். ஒரு நாள் இடது காதுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி இரைச்சல் கிளம்பியது. பிறகொரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறையே கவிழ்ந்தது. மருத்துவக் குழு குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, இனி உனக்கு மைக் கிடையாது என்று எழுதிக் கொடுத்தது. கோப்பு பார்க்கிற நாற்காலி ஒன்றைக் காட்டினார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மூட்டை கட்டிவிட்டேன்.

கூட வேலை பார்த்த சின்னப் பசங்க இன்னும் என்னை வாட்ஸப் குழுவிலிருந்து எடுக்கவில்லை. போன வாரம் அங்கே ஒரே புலம்பல். புது விதி வந்திருக்கிறதாம். புறப்பட்ட விமானத்தை மேலே ஏறச் சொல்லும்போது, வரைபடத்தில் அச்சிட்ட உயரக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறதா, நீக்கியாகிவிட்டதா என்பதை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வேண்டும். விமானியும் அதை முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"அக்கா, ஒரு ஏறு சொல்றதுக்கு இவ்ளோ நீட்டணுமா? பீக் டைம்ல வாய் வலிக்குது" என்று ஒருத்தன்.

"எந்தப் புண்ணியவான் இத்த கண்டுபுடிச்சான்னு தெரிஞ்சா மாலை போடலாம்" என்று இன்னொருத்தி. "அக்காவுக்குத் தெரியும். அக்கா, சும்மாதானே இருக்கீங்க, எழுதுங்க."

சும்மாதான் இருக்கிறேன். எழுதுகிறேன். அந்தப் புண்ணியவான்கள் இரண்டு பேர். ஒருத்தர் இறந்துபோனார். இன்னொருத்தன் எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் டிரெய்லர் லாரிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எந்த விமான நிலையம் என்று எழுத மாட்டேன். தெற்கே, மலை ஓரமாக ஒன்று. அவ்வளவு போதும்.

நான் அங்கே போன கதை சின்னது. நைனாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி. நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், தேர்வு எழுதினேன், வடக்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள், சப்பாத்தி தின்றேன், தேறினேன். பயிற்சிக் காலம் முடிந்ததும் அங்கே போட்டார்கள். நைனா எங்கள் தெருவில், "எம் பொண்ணு பிளேனுக்கு டிராபிக் போலீசு" என்று சொல்லி வைத்திருந்தார். "ரெட் சிக்னல் போட்டா நின்னுடுமாம்மா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நிற்காது. நிற்காது என்பதுதான் இந்த வேலையின் மொத்தத் தலைவலியும்.

மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் அச்சிட்ட புறப்பாட்டுப் பாதை ஒன்று இருக்கும். கிளம்பியதும் எங்கே திரும்ப வேண்டும், எந்தப் புள்ளி வரைக்கும் எந்த உயரத்தைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். எங்கள் பாதையில் மலையைச் சுற்றித் திரும்பினதும் ஒரு புள்ளி வரும். அதைக் கடக்கும் வரை ஆறாயிரம் அடிக்கு மேலே போகக்கூடாது. ஏனென்றால் கடல் பக்கமிருந்து இறங்கி வரும் விமானங்கள் அதே புள்ளியை ஏழாயிரத்தில் கடக்கும். கீழே ஒன்று போகும், மேலே ஒன்று வரும். ஒரு மேம்பாலம் மாதிரி.

ஆனால் எங்கள் நிலையத்தில் கூட்டம் குறைவு. பாதி நேரம் எதிரே ஒருத்தரும் வர மாட்டார்கள். காலி ரோட்டில் ஒருவனை எதற்கு நிறுத்தி வைப்பது? "கட்டுப்பாடு நீக்கம், மேலே ஏறுக" என்று சொல்லி விட்டுவிடுவோம். நாளாக ஆக அந்த "கட்டுப்பாடு நீக்கம்" வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது. பெரிய உயரம் ஒன்றைக் கொடுத்தாலே ஆறாயிரம் ரத்து என்று அர்த்தம். எதிரே ஆள் வந்தால் பெரிய உயரத்தைக் கொடுக்கவே மாட்டோம், புள்ளி தாண்டின பிறகுதான் கொடுப்போம். எங்களுக்கும் தெரியும், அங்கேயே தங்கிப் பறக்கிற விமானிகளுக்கும் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அது பழைய வழக்கம்.

அந்த விமானிகளில் ஒருத்தன்தான் நரேஷ். துணை விமானி, வேலைக்குச் சேர்ந்து பயிற்சி ஒப்பந்தம்கூட முடியவில்லை. குரலில்தான் முதலில் தெரியும். எல்லாம் ஆங்கிலத்தில் பேசுகிற அலைவரிசையில் வந்ததும் ஒரு "வணக்கம்" வைப்பான். ஒரு நாள் விமான நிலைய கேன்டீனில் டீக்காரரிடம், "இன்னாண்ணா, இத்த டீன்றியா?" என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் சீருடையோடு ஒருத்தன் சிரித்தான்.

"அக்கா, நீங்க கும்மிடிப்பூண்டி லைனா?"

"ஆமா. அதுக்கின்னா?"

"நாங்க அரக்கோணம் லைனு. செவ்வாப்பேட்டை. எங்க டிரெயினு டைமுக்கு வரும்."

"வந்து இன்னா பண்ணும்? ஆவடியில பூந்து நிக்கும்."

அதிலிருந்து பழக்கம். செவ்வாப்பேட்டையில் அவன் தெரு முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். போனில் காட்டினான். மேகத்துக்கு நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட நரேஷ், பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் நாலு இன்ஜின் விமானம், மேலே "வானத்தை ஆளும் எங்கள் தெருச் சிங்கமே!" என்று கொட்டை எழுத்து. "மானம் போவுதுக்கா. எங்கம்மா தெனம் அத்த தொடைக்குது" என்றான். சொல்லும்போது முகம் முழுக்கப் பல்.

பிறகு வரதன் சார் மாற்றலாகி வந்தார். எங்கள் ஷிஃப்டுக்கு மேலதிகாரி.

அவரும் எங்கள் மாவட்டம்தான். திருவள்ளூர் கோயில் தெரு. தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் சன்னதியில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். அதை அவர் மைக்கில் கேட்கலாம். ஒரே சுருதி. ஒரு சொல் முன்பின் ஆகாது. முதலில் விமானத்தின் பெயர், பிறகு கட்டளை, பிறகு எண். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார். பேசி முடித்ததும் மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்து மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்பார். நாங்கள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அவர் முழுசாகக் கேட்பார். யார் வணக்கம் சொன்னாலும் பதில் சொல்ல மாட்டார். கேட்டால், "அது அனுமதியில இல்லையே" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. எல்லாரையும் வாங்கோ போங்கோ என்று மரியாதையாகப் பேசுவார், ஆனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் போய்விடுவார். சாதிதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். சுபாவமே அப்படி என்று மோகன் அண்ணன் சொன்னார். எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை.

மோகன் அண்ணன் எங்கள் அறையில் சீனியர், மெட்ராஸ்காரர், எல்லாருக்கும் செல்லப் பிள்ளை. வரதன் சார் வந்த முதல் கூட்டத்திலேயே இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது.

"நீக்கினா நீக்கினேன்னு வாயால சொல்லுங்கோ. சொல்லலைன்னா நீக்கலைன்னு அர்த்தம். விதி அதான்" என்றார் வரதன் சார்.

"சார், இங்க பெரிய உயரம் குடுத்தா ரத்துன்னு எல்லா பைலட்டுக்கும் தெரியும் சார்."

"எங்கே எழுதியிருக்கு?"

"எழுதல சார். வழக்கம்."

"எழுதலைன்னா அது இல்லை."

மோகன் அண்ணன் வெளியே வந்து, "பேஜாரு புடிச்ச மனுசன்பா. புத்தகத்தையே முழுங்கிட்டு வந்துகீறாரு" என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். ஆனால் மேலதிகாரி சொல்லிவிட்டார், மாறித்தான் ஆக வேண்டும். அறைக்குள் நாங்கள் மாறினோம்.

அது நடந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான மந்தமான வேளையில். மலை முழுக்க மேகம். ஒரு பையனுக்கு உடம்பு சரியில்லாததால் வரதன் சாரே ரேடார் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்து இருக்கையில், ஓடுபாதையைப் பார்க்கிற கோபுரத்தோடும் அடுத்த நிலையத்தோடும் போன் பேசி ஒருங்கிணைக்கிற வேலை. ஒரு காதில் போன், மறு காதில் அவருடைய அலைவரிசை.

கடல் பக்கமிருந்து ஒரு விமானம் ஏழாயிரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நரேஷின் விமானம் கிளம்பியது. "வணக்கம்" என்றான். வரதன் சார் பதில் சொல்லாமல் அனுமதியைக் கொடுத்தார். பதினேழாயிரத்துக்கு ஏறுக.

புத்தகப்படி நூற்றுக்கு நூறு சரி. கட்டுப்பாடு நீக்கம் என்று அவர் சொல்லவில்லை, ஆகவே ஆறாயிரம் அப்படியே இருக்கிறது. விமானம் ஆறாயிரத்தில் சமமாகப் பறந்து, புள்ளியைத் தாண்டி, பிறகு பதினேழுக்கு ஏற வேண்டும். நரேஷ் திருப்பிச் சொன்னான்: பதினேழாயிரத்துக்கு ஏறுகிறோம், நன்றி சார். அதுவும் புத்தகப்படி சரிதான். அச்சில் உள்ள கட்டுப்பாட்டைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அப்போது விதி இல்லை. வரதன் சார் கண்ணை மூடிக் கேட்டார், தலையசைத்தார்.

விமானத்துக்குள் என்ன நடந்தது என்பது பிறகு பதிவில் கேட்டது. அன்றைக்கு ஓட்டிய கேப்டன் வடக்கேயிருந்து வந்தவர், இந்த ஊருக்குப் புதுசு. அவர் கேட்டிருக்கிறார், "ஆறாயிரம் இன்னும் இருக்கிறதா?" அன்றைக்கு மைக்கில் பேசுகிற பொறுப்பிலிருந்த நரேஷ் சொல்லியிருக்கிறான், "இல்லை சார். இந்த ஊரில் பெரிய உயரம் கொடுத்தால் அது ரத்து. நான் இங்கேதான் பறக்கிறேன், எனக்குத் தெரியும்."

திரையில் அவனுடைய உயரம் அறுபது என்று காட்டியது. அப்படியென்றால் ஆறாயிரம். அப்புறம் அறுபத்திரண்டு. வரதன் சார் முன்னால் குனிந்தார். அறுபத்து நாலு.

அவர் குரல் மாறவில்லை. நரேஷின் விமானத்தைக் கூப்பிட்டு, எதிரே வரும் விமானத்தைச் சொல்லி, "உடனே இடது" என்று ஆரம்பித்தார். அதன் மேலேயே நரேஷின் குரல் விழுந்தது. "மோதல் எச்சரிக்கை, அதன்படி பறக்கிறோம்." விமானத்துக்குள் இருக்கிற கருவி கத்த ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தைச் சின்னப் பசங்க நன்றாகப் படியுங்கள். அந்த வார்த்தையை விமானி சொன்னதும் நாம் கட்டளை கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். ஒரு விமானத்தின் கருவி கீழே போகச் சொல்கிறது, இன்னொன்றின் கருவி மேலே போகச் சொல்கிறது. நடுவில் நாம் புகுந்து திருப்பினால் கொன்றுவிடுவோம். தேர்வில் எல்லாரும் சரியாக எழுதுகிற பதில் இது. உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். வரதன் சார் "புரிந்தது" என்று மட்டும் சொன்னார். பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். திரையில் இரண்டு விமானங்களின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது யாருடைய உயரம் என்று படிக்க முடியாத பச்சைக் கிறுக்கல் ஆகிவிட்டன. என் மறு காதில் கோபுரத்துக்காரன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். வரதன் சாரின் உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லை.

கிறுக்கல் பிரிந்தது. ஒரு பக்கம் ஒரு எண், மறு பக்கம் ஒரு எண்.

"மோதல் நீங்கியது" என்றான் நரேஷ். ஸ்கூல் பையன் குரல். கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தின வேகத்தில் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த விமானப் பணிப்பெண் கூரையில் இடித்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். எதிரே வந்த விமானத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களாம்.

வரதன் சார் நரேஷை ஒழுங்காகப் பாதையில் சேர்த்தார். அடுத்த நிலையத்தின் அலைவரிசையைக் கொடுத்தார், எண் எண்ணாகப் பிரித்து. நரேஷ் திருப்பிச் சொன்னான். கேட்டு முடித்துவிட்டு, வரதன் சார் மறுபடி பொத்தானை அழுத்தி, "வணக்கம்" என்றார்.

பிறகு மோகன் அண்ணனை அழைத்து, எந்த விமானம் எங்கே, எந்த உயரம், என்ன சொல்லியிருக்கிறது என்று வரிசையாக ஒப்படைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வணக்கத்துக்குப் பிறகு அவர் எந்த விமானத்தோடும் பேசவில்லை. சாகும்வரை.

விசாரணைக் குழு வந்தது. ஒலிப்பதிவு நாடா தெளிவாக இருந்தது. கட்டுப்பாட்டு அறை சரியாகப் பேசியிருக்கிறது. கேப்டன் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். துணை விமானி தவறான தகவல் கொடுத்திருக்கிறான். ஊர்ப் பழக்கம் தெரிந்த ஆள் என்று நம்பப்பட்டவன், அந்தப் பழக்கத்தாலேயே மாட்டிக்கொண்டான். கம்பெனி அவனைப் பறக்க விடாமல் உட்கார வைத்துவிட்டது. அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அப்படி ஒரு வழக்கம் இந்த நிலையத்தில் இருந்தது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது சொன்னால்தான் அவனுக்கு வழி.

போன் பண்ணினான். "அக்கா, நான் பொய் சொல்லலதானே? அப்டிதானே நீங்கல்லாம் குடுப்பீங்க? இன்னாக்கா திடீர்னு மாத்திக்கினீங்க? எங்களுக்கு யாருமே சொல்லலியேக்கா."

அன்றைக்கு கேன்டீனில் மோகன் அண்ணன் எங்களைச் சுற்றி உட்கார வைத்தார். "தோ பாரு எஸ்தரு. நாடாவுல இன்னா கீதோ அதான் நடந்துது. வழக்கம் கிழக்கம்னு ஆரம்பிச்சின்னா அத்தினி பேர் லைசென்ஸும் மேசை மேல போயிடும். ஒரு பையனுக்காக பதினஞ்சு குடும்பத்த இஸ்துவுடாதே."

"அண்ணே, அந்தப் பையனுக்கு வழக்கத்தைப் பழக்குனதே நாமதான்."

"நம்ம பழக்குனோம். கேட்டானா பாரு, எங்க எழுதிக்கீதுன்னு? கேட்டிருக்கணும்ல?"

ஒவ்வொருத்தராக எழுந்து ஷிஃப்டுக்குப் போனார்கள். நான் நைனாவுக்கு போன் போட்டேன். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பேசினார்.

"அவங்க கேக்காதத நீ இன்னாத்துக்கு சொல்ற? வேல போச்சின்னா என் கூட வந்து கம்பி தூக்குவியா?"

"தூக்குறேன் நைனா."

"தூக்குவ. ஏசி ரூமுல உக்காந்துக்கினு வாய் மட்டும் நீளம்." பிறகு, "அந்தப் புள்ள எந்த ஊரு சொன்ன? செவ்வாப்பேட்டையா?" என்றார். "அவங்க அம்மாவுக்கு தெரியுமா?"

"தெரியாது."

"சரி. சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விசாரணையில் நான் சொன்னேன். எல்லாவற்றையும். தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வழக்கம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?"

"இல்லை."

"உங்கள் சகாக்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லையே?"

"சொல்ல மாட்டாங்க சார்."

ஒரு வரி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் வரதன் சார் உட்கார்ந்திருந்தார், மடியில் டப்பா. அடுத்தது அவர் முறை. அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. நாடா முழுக்க அவர் பக்கம். நான் கடந்து போகும்போது, "எஸ்தர், வழக்கத்தைச் சொன்னேளா?" என்றார்.

"சொன்னேன் சார். எழுதலைன்னா இல்லைன்னுட்டாங்க. நீங்க சொன்னதேதான்." வேண்டுமென்றேதான் குத்தினேன்.

அவர் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டும் இல்லை.

"எழுதலை. ஆனா இருந்தது. நான் இந்த நிலையத்துக்கு வந்தன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டுதான் நிறுத்தினேன்" என்றார். "ரூமுக்குள்ள இருக்கறவாளுக்குச் சொன்னேன். மேல பறக்கறவாளுக்கு ஒரு அறிவிப்பு போடலை. போட்டிருக்க வேண்டியது நான். அந்தப் பையன் திருப்பிச் சொல்லறச்சே ஆறாயிரத்தைச் சொல்லலை. சொல்லணும்னு விதி இல்லை. ஆனா பழைய வழக்கத்துலதான் சொல்றானோன்னு கேட்டிருக்கலாம். கேட்கலை. இதையும் எழுதிக்கோங்கோ."

தலைமை வகித்தவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். உங்கள் பேரில் குற்றம் ஏதும் இல்லையே என்கிற மாதிரி.

"இல்லைதான்" என்றார் வரதன் சார். "நாளைக்கே இன்னொரு பையன் வணக்கம்னு வருவான். எனக்கு விரல் பொத்தான்ல போகாது. என் ரேட்டிங்கை எடுத்துடுங்கோ." ரேட்டிங் என்றால் மைக்கில் உட்காருவதற்கான தகுதி.

அவர் பேசின பிறகு மோகன் அண்ணனும் உள்ளே போய் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கண்ணைப் பார்க்காமல், "உன்னால இல்ல. அந்த ஆளாலதான்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். யார் லைசென்ஸும் போகவில்லை. எல்லாருக்கும் எச்சரிக்கைக் கடிதம், ஒரு மறுபயிற்சி. அதற்குத்தான் அவ்வளவு பயந்தோம்.

நரேஷுக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவனிடம் சொல்லவும் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தான்டா. அறிக்கை வரட்டும்." அறிக்கை வருவதற்குள் அவன் ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி நீட்டிக்கவில்லை. காரணம் கேட்டால் காரணம் எதுவும் இல்லை, ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். அறிக்கை வந்தபோது, நிலையத்தின் நடைமுறையும் ஒரு காரணம் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. வேறு கம்பெனிகளுக்கு அவன் விண்ணப்பிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை மஞ்சள் அடித்து இணைத்து அனுப்பினான். சம்பவத்தில் சிக்கியிருக்கிறாயா என்ற கேள்விக்கு ஆம் என்று ஒழுங்காக எழுதினான். யாரும் கூப்பிடவில்லை.

வரதன் சார் ஓய்வு பெறும் வரை வரைபடங்கள் சரிபார்க்கிற அறையில் இருந்தார். ஒவ்வொரு ஏற்ற அனுமதியிலும் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும், விமானியும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மேலே எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். என் காது போன பிறகு நான் திருவள்ளூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். கோயிலில் உற்சவம். கோஷ்டியில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் ஒரே சுருதியில் சேவிக்கிறார்கள், அவர் உதடு மட்டும் அசைகிறது. முன் வரிசையில் நின்ற ஒருவர் திரும்பி, "வரதா, குரல் குடு" என்றார். இவர் தலையாட்டினார். குரல் கொடுக்கவில்லை. அன்றைக்கு மேசைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது சத்தமில்லாமல் அசைந்த அதே உதடு. என்னைப் பார்த்ததும் வெளியே வந்து, "காது எப்படி இருக்கு?" என்று கேட்டார். "அந்தப் பையன்?" என்று கேட்டார். லாரி யார்டில் வேலை பார்க்கிறான் என்றேன். தொன்னையில் புளியோதரை வாங்கிக் கொடுத்தார். மண்டப ஓரமாக உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டோம். போன வருஷம் அவர் இறந்துபோனதை மோகன் அண்ணன்தான் போனில் சொன்னார்.

ஆகவே இந்தப் புது விதியை அவரிடம் சொல்ல முடியாது. குழுவில் புலம்பல் வந்த மறுநாள் நரேஷைப் பார்க்கப் போனேன்.

சிப்காட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கன்டெய்னர் யார்டு. அத்திப்பட்டு பக்கமிருந்து வருகிற டிரெய்லர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று வாக்கி டாக்கியில் சொல்கிற வேலை அவனுக்கு. டிரைவர்கள் அவனை கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள். கிண்டல்தான். எந்த டிரைவரும் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது.

"நாலாவது லைன், ரிவர்ஸ். திருப்பிச் சொல்லு."

"அய்ய, நாலாவது லைன் ரிவர்ஸ் கேப்டன். டேக்காப் பண்ட்டா?" என்று டிரைவர் கத்துகிறார். சுற்றிலும் சிரிப்பு. அவனும் சிரிக்கிறான்.

எதிர்த்த டீக்கடைக்கு வந்தோம். அவன் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கொல்லையில் கோழிக்கூண்டுக்கு மேலே அந்த பேனரைத்தான் போட்டிருக்கிறார்களாம். "மொகத்த உள்பக்கமா வச்சி கட்டிகீது அம்மா. மழைக்கு நல்லா தாங்குதுக்கா. கோழிங்க மட்டும் தெனம் என் மூஞ்சியில முழிக்குது."

ஸ்டூலை அவனுக்கு இடப்புறமாக நகர்த்தினேன், என் நல்ல காது அவன் பக்கம் இருக்கும்படி. குழுவில் வந்த புது விதியைப் போனில் காட்டினேன். படித்தான். மறுபடி மேலே தள்ளிப் படித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுக்கா" என்றான்.

"இன்னாத்த?"

"அனுமதிய. சொல்லு. சும்மா."

அன்றைய விமானத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். புது விதிப்படி அனுமதியைக் கொடுத்தேன். புறப்பாட்டுப் பாதை வழியே பதினேழாயிரத்துக்கு ஏறுக, புள்ளி வரை ஆறாயிரம் தாண்டாதே. லாரிச் சத்தத்தில் என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கை தானாக வாக்கி டாக்கியைப் பிடித்தது, அழுத்தவில்லை. நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு, ஆங்கிலத்தில், எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாதை வழியே, பதினேழு, புள்ளி வரை ஆறாயிரம் என்று முழுசாகத் திருப்பிச் சொன்னான். அலைவரிசையில் கேட்ட அதே குரல். ஒரு சொல் விடவில்லை. கடைசியில் விமானத்தின் பெயரையும் சொன்னான்.

நான் கண்ணை மூடிக் கேட்டேன்.

யார்டு வாசலில் ஒரு டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தி, "கேப்டன், என் வண்டிய எங்க உடறது?" என்று கத்தினார். நரேஷ் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விமானி திருப்பிச் சொன்ன பிறகு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில் வர வேண்டும். அது வராமல் அவன் நகர முடியாது.

"சரியாகத் திருப்பிச் சொன்னீர்கள்" என்றேன்.

டீ கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினான்.